தலை முட்டிய இடம்

புத்தகப்பையின் அடியில் கிடந்தது பச்சைக் கடதாசி,
பாதி கடித்த ஆப்பிளோடு ஒட்டி,
மூன்று நாள் பழசாய்.
மூன்றாம் வகுப்பில் பேன்.
யாருக்கென்று இல்லை.
கீழே திருமதி கேர்பரின் கையெழுத்து மட்டும்.
வருடத்துக்கு மூன்று தரம் கையுறையோடு வருவார்,
பிள்ளைகள் பேன்மாமி என்பார்கள்.

மனைவிக்கு முதியோர் இல்லத்தில் பிந்திய வேலை.
போனில் சொன்னாள்:
"ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்காதேங்கோ.
குளியலறை லைட்டுக்குக் கீழ வைச்சுப் பாருங்கோ.
சொறியிறாளோ?"

ஆரபி சொறியவில்லை.
சொறியாமல் இருக்க
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து
உட்கார்ந்திருந்தாள்.
அதிலேயே விளங்கிவிட்டது.

காதின் பின்புறம் பிரித்தேன்.
வெள்ளையாய் ஒன்று.
ஊதினேன், அசையவில்லை.
பொடுகென்றால் பறந்திருக்கும்.
நகத்தால் பிடித்து இழுத்தேன், மயிரின் நுனி மட்டும்
ஒட்டிக்கொண்டே வந்தது.
பிடரியில் இன்னும் இருந்தது,
மயிருக்கு ஒன்றாய், ஒரு பக்கம் சரிந்து.
பிறகு வகிட்டின் குறுக்கே
அவசரமே இல்லாமல் ஒரு மண்ணிறம் நடந்தது,
வெளிச்சம் பட்டதும் ஓடத் தொடங்கியது.

நனைத்த தலையில் அரைப் போத்தல் கண்டிஷனர்.
லங்கன்தால் ஸ்டேஷனடி உணவகத்தில்
நாளுக்கு நானூறு இறாலின் முதுகைக் கீறி
கறுப்பு நரம்பை உருவுகிறவன் நான்.
விரலுக்கு இது புதிதில்லை.
அடியிலிருந்து நுனிவரை இழுப்பேன்,
சீப்பை வெள்ளைத் தாளில் துடைப்பேன்,
திரும்பவும் அடி.
ஒன்று, வெள்ளைக் களிக்குள் கால் ஆட்டிக்கொண்டு.
அவள் டொச்சில் எண்ணினாள், நான் தமிழில்.
பதினொன்றில் இருவருக்கும் பிழைத்தது.

"நசுக்குங்கோ அப்பா. சத்தம் வருமாம்."
நசுக்கினேன்.
வந்தது.

"நான் ஊத்தையா?"

இல்லையம்மா.
கழுவின தலை கழுவாத தலை
பேன் பார்க்கிறதில்லை.
அதுக்குப் பாயவும் தெரியாது, பறக்கவும் தெரியாது.
ஒரு தலை இன்னொரு தலையோடு முட்டிக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தால்தான்
இங்கிருந்து அங்கே போகும்.

சொல்லி முடித்த பிறகுதான்
சொன்னது எனக்கே கேட்டது.

ஓகஸ்டில் இந்தப் பள்ளிக்கு மாற்றினோம்.
இடைவேளையில் யாரோடு விளையாடினாய்?
ஒருத்தரோடும் இல்லை.
இன்றைக்கு?
இல்லை.
மதிலோரம் நிற்கிறாள், பழகிவிடுவாள் என்று
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
ஆசிரியை சொன்னது செப்டெம்பரில்.
அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

"ஆற்ற தலையோட பிள்ளை முட்டினனீங்கள்?"

சீப்புக்குள் கழுத்து விறைத்தது.
"ஆர்டிட்டா."
கொஞ்சம் பொறுத்து,
"மழை பெய்தது. மரக்குடிலுக்குள்ள நிண்டனாங்கள்.
அவளிட்ட ஒரு நத்தை இருந்தது.
கொம்பை உள்ள இழுத்திட்டுது.
திரும்ப நீட்டுமோ எண்டு
குனிஞ்சு பாத்துக்கொண்டு இருந்தம்."

"நீட்டினதோ?"

"மணி அடிச்சாப் பிறகு."

வகுப்புப் பட்டியலில் இலக்கம் தேடி
ஆர்டிட்டாவின் தாய்க்கு அடித்தேன்.
கொசோவோக்காரி, அவருடைய டொச்சும்
என்னுடையதைப் போலவே நடுவில் உடைகிற டொச்.
மன்னிக்கவேணும், என் மகளுக்கு, என்று தொடங்க
மறுமுனையில் சிரிப்பு.
"எங்கள் வீட்டில் நான்கு தலை," என்றார்.
"உங்கள் சீப்பு எந்தக் கடை?"

பதினொன்றரைக்கு மனைவி வந்தாள்.
சப்பாத்துக் கழற்றும் முன்பே சொன்னேன்:
"எங்கட பிள்ளைக்குப் பேன்!"
ஒரு சப்பாத்தோடு நின்று
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
புதன் திரும்ப இழுக்கவேணும், ஞாயிறும்,
இரண்டு கிழமைக்கு விடாமல்,
ஈர் பொரிக்கப் பொரிக்க, என்று
நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.

"அது சரி," என்றாள்,
"நீங்கள் ஏன் சொறியிறியள்?"

கதிரையை லைட்டடிக்கு இழுத்தாள்.
சீப்பு இன்னும் ஈரமாய் இருந்தது.